ஓசை தேடும் பிள்ளை

 

அண்மையில் ஒரு தாயார் எழுதியிருந்த கடிதம் என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. அவருக்குப் பதினான்கு வயதில் ஒரு மகன். பழுதான பொம்மைகளையும் பழைய வானொலிப் பெட்டியையும் கழற்றி, அவற்றின் உறுப்புகளைத் தகர டப்பாவிலும் தாம்பாளத்திலும் ஒட்டிவைத்து, விதவிதமான ஓசைகளை எழுப்பிக்கொண்டிருப்பானாம். "இது பாட்டுமில்லை, படிப்புமில்லை" என்று சினந்த தந்தை, ஒருநாள் அவனுடைய பெட்டியைக் குப்பையில் கொட்டிவிட்டார். அன்று முதல் மகன் வாப்பாவோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "நாங்கள் செய்தது சரியா?" என்று கேட்கிறார் அந்தத் தாய்.

இசை பற்றிய மார்க்கத் தீர்ப்பை ஆலிம் பெருமக்களிடம் கேட்டறிவதே முறை. அதில் நான் நுழையவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை செய்வது என்ன என்பதை நாம் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டாமா?

ஓசை எழுப்பும் பொம்மைகளைப் பிரித்தால், காசு அளவிலான மெல்லிய பித்தளை வில்லை ஒன்று இருக்கும். அதன் நடுவே வெண்மையான பீங்கான் பூச்சு. இதற்குப் பியெஸோ வில்லை என்று பெயர். மின்சாரம் பாய்ந்தால் அது வளைந்து ஒலிக்கும். மாறாக, அதனை அழுத்தினாலோ அதிர வைத்தாலோ அதிலிருந்து நுண்ணிய மின்னழுத்தம் பிறக்கும். இந்தத் தன்மையை 1880-இல் பிரான்சு நாட்டுச் சகோதரர்களான ழாக் கியூரியும் பியேர் கியூரியும் சில படிகங்களில் கண்டறிந்தார்கள்.

சாதாரண ஒலிவாங்கி காற்றின் அதிர்வைப் பெறுகிறது. இந்த வில்லையோ தான் ஒட்டியிருக்கும் பொருளின் அதிர்வையே பெறுகிறது. அதனை ஒரு தாம்பாளத்தின் அடியில் ஒட்டி, அதன் இரு கம்பிகளையும் ஒரு சிறிய ஒலிபெருக்கியோடு இணைத்துவிட்டு, நான்கு அரிசி மணிகளைத் தூவிப் பாருங்கள். பெருமழை பெய்வது போல் கேட்கும். நம் காதுக்கு எட்டாதிருந்த ஓசை அங்கே முன்பே இருந்தது. அந்தப் பிள்ளை அதற்கு ஒரு வாசலைத் திறந்திருக்கிறான்.

இத்தகைய ஆர்வம் நமக்குப் புதியதுமன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த முஹம்மது, அஹ்மது, ஹசன் ஆகிய மூசாவின் புதல்வர்கள் மூவரும், நீரின் விசையால் தானே ஊதிக்கொள்ளும் குழல் ஒன்றை விவரித்து எழுதினார்கள். முளைகள் பதித்த உருளை சுழலச் சுழல, குழலின் துளைகள் திறந்து மூடின. பின்னர் தியார்பக்கிரில் அர்துக்கிய மன்னர்களிடம் பணியாற்றிய அல் ஜஸரி, 1206-இல் நிறைவு செய்த தமது பொறியியல் நூலில், பொம்மைக் கலைஞர்கள் அமர்ந்து முரசறையும் படகு ஒன்றை வரைந்து காட்டினார். இவர்களை விளையாட்டுப் பிள்ளைகள் என்று உலகம் ஒதுக்கிவிடவில்லை.

நம் காலத்துக்கு அருகில் வருவோம். கெய்ரோவில் 1921-இல் பிறந்தவர் ஹலீம் அல் தப்உ. காப்டிக் கிறித்தவக் குடும்பத்தவர். வேளாண்மைப் பொறியியல் கற்றவர். 1944-இல், மெல்லிய உருக்குக் கம்பியில் ஒலியைப் பதியும் கருவியொன்றை வானொலி நிலையத்திலிருந்து இரவல் பெற்று, பெண்கள் பாடும் ‘ஸார்’ என்னும் சடங்கைப் பதிவு செய்தார். அந்தச் சடங்கை நம் மார்க்க அறிஞர்கள் பலர் ஏற்பதில்லை. எனினும் அவர் தேடியது ஒலியின் உட்பொருளை. பதிவை எதிரொலிக்க வைத்து, சில ஒலிகளை நீக்கி, சிலவற்றை நிறுத்தி, முற்றிலும் புதியதொரு ஒலிப்படைப்பை உருவாக்கினார். பாரிஸில் பியேர் ஷெஃபேர் ரயில் ஓசைகளை இணைத்து இவ்வகைப் படைப்பை வெளியிட்டது 1948-இல்தான். அமெரிக்காவில் பேராசிரியராக விளங்கிய ஹலீம் 2017-இல் மறைந்தார்.

இங்கிலாந்தின் ஹியூ டேவிஸ் 1968-இல் செய்த கருவியைக் கேட்டால் நம் கடிதத் தாயார் வியப்படைவார். ஒரு கலைக்களஞ்சியத்தின் கடைசித் தொகுதியின் அட்டைக்குள் ரம்பத் தகடுகளையும் சுருள்வில்லையும் பொருத்தி, தொட்டால் ஒலிக்கும்படி செய்தார். அந்தத் தொகுதியின் முதுகில் இருந்த எழுத்துகளைக் கொண்டே அதற்கு ‘ஷோஸிக்’ என்று பெயரிட்டார். குப்பையில் கொட்டப்பட்ட அந்தப் பெட்டிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டா?

ஆகவே சகோதரியே, நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான்: செய்தது சரியன்று, ஆனால் சரிசெய்யக் கூடியதே. வீட்டில் அவனுக்கென்று ஒரு மூலை ஒதுக்குங்கள். கூடவே சில வரம்புகளையும் சொல்லுங்கள். சுவர் மின்சாரத்தில் கை வைக்கக்கூடாது. ஒன்பது வோல்ட் பேட்டரி போதும். ஈயம் பற்றவைக்கும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருக்கவேண்டும், சன்னல் திறந்திருக்கவேண்டும். காதில் மாட்டிக் கேட்பதாயின், ஒலியைக் குறைத்து வைத்த பின்பே மாட்டவேண்டும். பாங்கு ஒலிக்கும்போதும், அண்டை வீட்டார் உறங்கும்போதும் ஓசை கூடாது. தொழுகையும் படிப்பும் தவறக்கூடாது.

இவற்றைவிட முக்கியமானது ஒன்றுண்டு. வரம்புகளை நீங்கள் சொல்லலாம். மன்னிப்பை அவனுடைய வாப்பாதான் கேட்கவேண்டும். பிள்ளையிடம் வருத்தம் தெரிவிப்பதால் தகப்பனின் மதிப்புக் குறைந்துவிடாது. ஒரு மாலைப் பொழுதில் அவன் அருகில் அமர்ந்து, "நீ கண்டுபிடித்ததை எனக்கும் கேட்கச் செய்" என்று அவர் சொல்லட்டும்.

இறைவன் தந்த அருட்கொடைகளை எடுத்துச் சொல்லும் பல இடங்களில், திருமறை பார்வைக்கு முன்பாகச் செவியையே குறிப்பிடுகிறது. அரிசி மணியின் ஓசையைக் கூடக் காது கொடுத்துக் கேட்கும் ஒரு பிள்ளை நம் வீட்டில் இருக்கிறான். அவனுடைய மௌனத்தை நாமும் கேட்க வேண்டாமா?