வாடகைக் காருக்கு வழி சொல்வது யார்?

"இருநூறு மீட்டரில் வலது பக்கம் திரும்புங்கள்" என்கிறது ஒரு பெண் குரல். வலது பக்கம் ரோடு இல்லை. கண்மாய்க் கரைதான் இருக்கிறது! வாடகைக் காரை ஓட்டி வந்தவர் திகைக்கிறார். பின்னால் மனைவி, மக்கள், வயதான தாயார். பொழுது சாய்ந்து விட்டது. குரல் மட்டும் சளைக்கவில்லை. "வலது பக்கம் திரும்புங்கள்" என்று மறுபடியும் சொல்கிறது.

இது எந்த ஊரிலும் நடக்கக் கூடியது. கான்சாபுரம் போன்ற மலையடிவாரத்து ஊர்களில் கொஞ்சம் அதிகமாகவே நடக்கக் கூடியது.

விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு தாலுகாவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கிறது கான்சாபுரம். கான்சாகிப் என்ற மருதநாயகத்தின் பெயரைத் தாங்கிய ஊர் என்று சொல்வார்கள். பக்கத்தில் கூமாபட்டி. மலைப் பக்கம் போனால் பிளவக்கல் அணை. சதுரகிரிக்கு மலை ஏறும் தாணிப்பாறையும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது.

சதுரகிரி பக்தர்களைத் தவிர வெளியூர்க்காரர்கள் இந்தப் பக்கம் அதிகம் வந்ததில்லை. 2025 ஜூன் மாதம் நிலைமை மாறியது. கூமாபட்டியின் அழகைப் பார்க்க வரும்படி ஊர்க்காரர் ஒருவர் வெளியிட்ட செல்போன் வீடியோ தமிழ்நாடு முழுவதும் பரவியது. அவ்வளவுதான்! கார்கள் வரத் தொடங்கின. அணைப் பக்கம் போனவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டிய நிலை வந்தது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வழி காட்டியது எது? செல்போன்தான். அணையில் குளிக்க முடியுமா, உள்ளே விடுவார்களா என்று அது சொல்லவில்லை. அதற்குத் தெரியாது.

சாட்டிலைட் சொல்வது என்ன?

வானத்தில் இருக்கும் சாட்டிலைட் நம் காரைப் பார்த்துக் கொண்டே வந்து வழி சொல்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சாட்டிலைட்டுக்கு நம் காரும் தெரியாது, ரோடும் தெரியாது.

அமெரிக்கா பறக்க விட்ட ஜி.பி.எஸ். சாட்டிலைட்டுகள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. 1978-ல் முதல் சாட்டிலைட் போனது. 1995-ல் 24 சாட்டிலைட்டுகளுடன் முழு அமைப்பும் தயாரானது. ஒவ்வொன்றிலும் மிகத் துல்லியமான கடிகாரம் இருக்கிறது. "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு" என்று அவை ஓயாமல் அறிவித்துக் கொண்டிருக்கின்றன. குறைந்தது நான்கு சாட்டிலைட்டுகளின் அறிவிப்பைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்குப் போட்டு, தான் நிற்கும் இடத்தைச் செல்போன் கண்டுபிடிக்கிறது. இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. 2013 ஜூலை 1-ந் தேதி முதல், சொந்தமாக வழிகாட்டிச் சாட்டிலைட்டுகளை அனுப்பி வருகிறது. 'நாவிக்' என்று அதற்குப் பெயர்.

ஆகவே சாட்டிலைட் தருவது ஒரே ஒரு விஷயம். நாம் நிற்கும் இடம். அதுவும் திறந்த வெளியில் சில மீட்டர் வித்தியாசத்துக்குள் வந்து விடும். செங்குத்தான மலைச்சரிவிலும், அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் வித்தியாசம் கூடும்.

அப்படியானால் "வலது பக்கம் திரும்பு" என்று சொல்வது யார்? காரில் அல்லது செல்போனில் இருக்கும் வரைபடம்! அந்த வரைபடத்தைப் போட்டது ஒரு கம்பெனி. கண்மாய்க் கரையில் ஒரு டிராக்டர் தடம் இருந்தால், வரைபடத்தில் அது ரோடு போலவே கோடாக இருக்கலாம். குறுக்கு வழி தேடும் இயந்திரம் அந்தக் கோட்டைப் பிடித்துக் கொள்கிறது. மழைக் காலத்தில் அங்கே சேறு இருக்குமா, எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடம் உண்டா என்று கோட்டுக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. செல்போனில் வரைபடம் பெரும்பாலும் டவர் வழியாகத்தான் வந்து கொண்டிருக்கிறது. மலையடிவாரத்தில் டவர் கிடைக்காவிட்டால் வரைபடம் வருவது நின்று விடும். சாட்டிலைட் இடத்தைச் சரியாகவே சொல்லும். ஆனால் வெறும் வெள்ளைத் திரையில் நீலப் புள்ளி ஒன்று நிற்கும். அதை வைத்துக் கொண்டு என்ன செய்வது?

வாடகைக் காரின் வினை

சொந்தக் காரில் போகிறவர்களுக்கும் இதே தொல்லைதானே என்று கேட்கலாம். இல்லை. சொந்தக் கார் வைத்திருப்பவர் அதன் கருவியைப் பழகியிருப்பார். அது எங்கே உளறும் என்று அவருக்குத் தெரியும். வாடகைக் காரோ இன்று காலை கைக்கு வந்தது. நாமே ஓட்டிச் செல்லும் வாடகைக் காருக்குக் கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து. அந்தக் காரை எடுப்பவர் பெரும்பாலும் வெளியூர்க்காரர். கார் புதிது, ஊர் புதிது, ரோடும் புதிது. இந்த மூன்றும் சேரும் இடத்தில்தான் குரலைக் கண்ணை மூடிக் கொண்டு நம்பத் தோன்றுகிறது.

சில கார்களில் வரைபடம் காருக்குள்ளேயே பதிந்திருக்கும். கார் வாங்கிய நாளில் பதிந்ததைப் பிறகு யாரும் புதுப்பித்திருக்க மாட்டார்கள். திருமங்கலத்தில் இருந்து ராஜபாளையம் வரை நான்கு வழிச்சாலை வேலை 2020-க்குப் பின் தொடங்கியது. பழைய வரைபடம் உள்ள காரில் புது ரோட்டில் போனால், திரையில் கார் வயலுக்குள் ஓடுவது போலத் தெரியும். வேடிக்கைதான். ஆனால் எங்கே இறங்குவது, எங்கே திரும்புவது என்று தெரியாமல் போவது வேடிக்கை அல்ல.

இதில் சர்க்கார் விதி ஒன்றையும் கவனிக்க வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புதிய பயணிகள் வாடகை வாகனங்களில், வண்டி எங்கே இருக்கிறது என்று தெரிவிக்கும் கருவியும் ஆபத்துப் பொத்தானும் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது. நல்ல விதி. ஆனால் கார் எங்கே போயிற்று என்று சொல்லும் கருவிக்கு இவ்வளவு சட்டம் இருக்கிறது. கார் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் கருவியைப் பரிசோதிக்க யார் இருக்கிறார்கள்? கார் காணாமல் போகக் கூடாது என்பதில் இருக்கும் அக்கறை, காரில் இருப்பவர்கள் காணாமல் போகக் கூடாது என்பதிலும் இருந்தால் என்ன?

பெயரால் வரும் குழப்பம்

2016-ல் அமெரிக்கர் ஒருவர் ஐஸ்லாந்து நாட்டுக்குப் போய் விமான நிலையத்தில் வாடகைக்குக் கார் எடுத்தார். தலைநகரில் உள்ள ஓட்டலுக்குப் போக வேண்டும். முக்கால் மணி நேரப் பயணம். தெருவின் பெயரில் ஒரே ஓர் எழுத்து கூடுதலாக விழுந்து விட்டது. அந்தக் கூடுதல் எழுத்தோடும் ஒரு தெரு இருந்தது, நாட்டின் வட கோடியில்! பனி ரோட்டில் மணிக்கணக்காக ஓட்டி அங்கே போய்ச் சேர்ந்தார்.

ஒரே ஓர் எழுத்தால் அவ்வளவு என்றால், நம் ஊர்களின் கதி என்ன? கான்சாபுரத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் 'ஹெச்' சேர்ப்பார், ஒருவர் சேர்க்க மாட்டார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே கிருஷ்ணன்கோவில். நாகர்கோவிலிலும் கிருஷ்ணன்கோவில் உண்டு. ராஜபாளையம் பக்கம் சிமெண்டுக்குப் பேர்போன ஓர் ஆலங்குளம். தென்காசி மாவட்டத்தில் வேறோர் ஆலங்குளம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலேயே சீனிவாசப் பெருமாள் கோவில் கொண்ட திருவண்ணாமலை இருக்கிறது. புரட்டாசி சனிக்கிழமைகளில் கூட்டம் அலைமோதும். "திருவண்ணாமலை" என்று மட்டும் போட்டுப் பாருங்கள். இயந்திரம் அண்ணாமலையார் கோவிலுக்குப் புறப்பட்டு விடும்!

உயிர் போன இடங்கள்

சிரித்து விட்டுப் போகக் கூடியவை மட்டும் நடந்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை.

24-11-2024 அன்று உத்தரப் பிரதேசத்தில் பரேலி பக்கம் ஒரு கார் ராமகங்கை ஆற்றுப் பாலத்தில் ஏறியது. பாலத்தின் ஒரு பகுதி முன்பே வெள்ளத்தில் போய் விட்டது. வரைபடத்தில் பாலம் முழுசாக இருந்தது. கார் ஆற்றுக்குள் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தை மறிக்கத் தடுப்பு இல்லை, எச்சரிக்கைப் பலகையும் இல்லை என்று போலீசார் கூறினார்கள். பொதுப்பணித்துறை இஞ்சினீயர்கள் மீது வழக்குப் பதிவாயிற்று.

இந்த வழக்கைக் கவனிக்க வேண்டும். குற்றம் வரைபடத்தின் மீது மட்டும் இல்லை. ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டியிருந்தால்கூட மூன்று உயிர் தப்பியிருக்கலாம்.

அதற்கு முந்தின ஆண்டு அக்டோபரில், கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் இளம் டாக்டர்கள் இருவர் கொட்டும் மழையில் வழி தவறி, காரோடு ஆற்றில் விழுந்து இறந்தார்கள். 2024 ஜனவரியில் நம் கூடலூரில், ஊட்டியில் இருந்து திரும்பிய கார் ஒன்று செல்போன் சொன்னபடி போய்ப் படிக்கட்டில் இறங்கி நின்றது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், பீகாரில் இருந்து கோவாவுக்குப் போன குடும்பம் கர்நாடகத்தில் பெலகாவி மாவட்டத்துக் காட்டுக்குள் சிக்கியது. டவர் இல்லை. இரவு முழுவதும் காருக்குள்ளேயே கிடந்தார்கள். விடிந்ததும் டவர் கிடைக்கும் வரை நடந்து, 112-க்குப் போன் செய்தார்கள். போலீசார் வந்து மீட்டார்கள்.

கான்சாபுரம் பக்கத்துக் காடும் சாமானியக் காடு அல்ல. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆயிற்று. மலைக்கு அந்தப் புறம் தேனி மாவட்டத்து வருசநாடு. நடுவே மலைச்சாலை வேண்டும் என்று இரு பக்கத்து மக்களும் நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள். திரையில் பார்த்தால் இரண்டும் கூப்பிடு தூரம். காரில் போவதென்றால் மலையைச் சுற்றித்தான் போக வேண்டும். இங்குள்ள ஓடைகளும் பொல்லாதவை. 2015 மே மாதம் சதுரகிரியில் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளம் பக்தர்கள் பலரைப் பலி கொண்டது. மலைமேல் மழை பெய்தால் கீழே ஓடை நிரம்பும் என்பது ஆடு மேய்க்கும் சிறுவனுக்குத் தெரியும். எந்த வரைபடத்திலும் அது இல்லை.

"அண்ணாச்சி, அணைக்கு எப்படிப் போகணும்?" என்று டீக்கடையில் கேட்டால் என்ன பதில் வரும்? "நேரா போங்க தம்பி. மறுகால்ல தண்ணி போகும். பொம்பளை, பிள்ளைகளோட இருட்டுல போகாதீங்க." இந்தப் பதிலில் வழியும் இருக்கிறது, எச்சரிக்கையும் இருக்கிறது. காசும் கிடையாது. கேட்க வெட்கப்படுகிறார்கள்! படித்தவர்கள்தான் அதிகம் வெட்கப்படுகிறார்கள்.

கேட்க ஆள் இல்லாத இடத்தில் பலகைதான் பேச வேண்டும். "இது கண்மாய்க் கரை, கார் போகாது" என்று தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பலகை வைக்க ஊராட்சிக்கு எவ்வளவு செலவாகி விடும்? புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கூட அதைப் படித்து விடுவார். அந்தக் குரல் எந்தப் பலகையையும் படிப்பதில்லை.

வாடகைக் கார்க்காரர்களும் செய்யக் கூடியது ஒன்று உண்டு. காரைக் கொடுக்கும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். கதவில் எங்கே கீறல், டாங்கியில் எவ்வளவு பெட்ரோல் என்று எல்லாம் அதில் இருக்கும். "காரில் உள்ள வரைபடம் கடைசியாகப் புதுப்பித்த தேதி" என்று இன்னும் ஒரு வரி சேர்க்கலாம். போகும் ஊரைக் கேட்டு, அந்த வட்டாரத்து வரைபடத்தை டவர் இல்லாமலும் தெரியும்படி செல்போனில் முன்கூட்டியே இறக்கிக் கொடுக்கலாம். வீட்டில் வைபை இருந்தால் பத்து நிமிஷ வேலை.