துரை பங்களாவும் லயத்து வாசலும்

கோலசிலாங்கூர் வட்டாரம் உலக இலக்கியத்தில் இடம்பெற்றுத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது என்பது, அங்கே தமிழ் கற்பிப்போர் பலருக்கும் புதிய செய்தியாக இருக்கக்கூடும். சிலாங்கூர் ஆற்றங்கரையில் இரப்பர்த் தோட்டம் அமைத்தவர் ஆன்றி போக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். 1917இல், பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் தென்னமரம் தோட்டத்தில், இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைப் பயிரீட்டைத் தொடங்கியவரும் அவரே. அவர் எழுதிய ‘மலேசி’ என்னும் புதினம் 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. அப்புதினத்தில் தமிழரும் உளர். ஆயினும் கதையைச் சொல்பவர் துரை. தமிழரைப் பங்களாவிலிருந்து பார்த்த பார்வையே அதில் உண்டு. லயத்து வாசலிலிருந்து துரையைப் பார்த்த பார்வை இல்லை.

அப்பார்வையை எழுத வேண்டியவர் எவர்? பாசிர் பெனம்பாங், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை எனப் பரந்த தோட்டப்புறத்தின் மக்களே அல்லரோ? இவ்வினாவைத்தான் அமெரிக்க எழுத்தாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமக்குள் எழுப்பிக்கொண்டனர். நடப்பியல், இயற்பண்பியல், வட்டார இலக்கியம் என்று இன்று மாணவர் மனப்பாடம் செய்யும் பெயர்களெல்லாம் அவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளே. வினாவை விட்டுவிட்டுப் பெயர்களை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதால் பயனென்ன?

ஆம்லின் கார்லண்டை எடுத்துக்கொள்க. உழவர் குடியில் பிறந்து பாஸ்டன் நகரில் எழுத்தாளரானவர். 1887இல் ஊர் திரும்பி, பண்ணை வேலையில் தேய்ந்துபோன தாயைக் கண்டார். 1891இல் தம் சிறுகதைத் தொகுதியை வெளியிட்டார். அதில் ஒரு கதை: குத்தகை நிலத்தைக் குடும்பமே உழைத்துச் செழிப்பாக்குகிறது. வாங்கும் நாள் வந்ததும் நிலக்காரன் விலையை இரட்டிப்புக்கும் மேலாக உயர்த்துகிறான். உயர்த்தியதற்குக் காரணம் அக்குடும்பத்தின் உழைப்பே! ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, தலைமுறையாகப் பால் வெட்டிய மரங்களையும் குடியிருந்த லயத்தையும் இழந்து நின்ற குடும்பத்துக்கு இக்கதையை விளக்கவும் வேண்டுமோ? அத்துயருக்கு விடைதேடி 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அரசியல்வாதி கண்ட துயரைக் கதைஞர் எத்தனை பேர் அதே கூர்மையோடு கண்டனர்?

தோட்டக் கதைகள் சலித்துவிட்டன என்பார் உளர். அவர் கூற்றில் பாதி உண்மை. சலித்தது தோட்டமன்று, கள்ளுண்ட தந்தை, கண்ணீர்த் தாய், கொடிய கங்காணி என்னும் வார்ப்படமே சலித்தது. பிராங்க் நாரிஸ் 1901இல் எழுதிய ‘ஆக்டோபஸ்’ என்னும் புதினத்தில் ஓர் உழவனை அழிப்பது தனிமனிதனின் கொடுமையன்று; இருப்புப்பாதை நிறுவனம் உயர்த்திய சரக்குக் கட்டணம். தோட்டக் கதையில் கங்காணியைக் கொடியவனாக்கி முடித்துவிட்டால், இலண்டனில் இலாபக்கணக்குப் பார்த்த கம்பெனி தப்பிவிடுகிறது. இரப்பர் விலை, ஸ்டோரில் பால் நிறுக்கும் தராசு, கிராணியின் பேரேடு ஆகியவை கதைக்குள் வராத வரையில் அது நடப்பியலாகாது, ஒப்பாரியே ஆகும்.

இங்கு எதுவுமே எழுதப்படவில்லை என்பதன்று. சயாம் இரயில் பாதையில் மாண்டோரை ஆர். சண்முகம் 1993இல் புதினமாக்கினார். தமிழகத்திலிருந்து வந்து கண்ட அகிலன் 1977இல் ‘பால்மரக் காட்டினிலே’ தந்தார். ஆயினும் விருந்தினர் எழுதிய நூலையே தோட்ட இலக்கியத்தின் முகமாகக் காட்டும் பழக்கம் வீட்டுக்காரருக்குப் பெருமை தருவதன்று.

1941இல் கிள்ளானில் மூண்ட தோட்ட வேலைநிறுத்தம் கோலசிலாங்கூருக்கும் பரவியது. கூலி உயர்வோடும் கள்ளுக்கடை மூடலோடும் வேறொரு கோரிக்கையும் அதில் இருந்தது: துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும். படை வந்தது, துப்பாக்கி பேசியது, தொழிலாளர் மாண்டனர், தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். மிதிவண்டியை விட்டு இறங்க மறுத்த அந்த ஒரு கணம் எவ்வளவு பெரிய சிறுகதை! அதைத் தேடி சிகாகோ செல்ல வேண்டுவதில்லை. அப்டன் சிங்கிளேர் அங்கே இறைச்சித் தொழிலாளரிடையே ஏழு வாரம் திரிந்து செய்தி திரட்டினார். இவ்வூர் மாணவனுக்குப் பாட்டியின் அருகில் அமர்ந்தால் போதும்.

அம்மாணவன் அவ்வாறு அமர்ந்து எழுதியும் வருகிறான் என்று கொள்வோம். ‘பெரட்டுக்கு மணி அடித்தது’ என்று தொடங்குகிறான். ஆசிரியரின் சிவப்பு மை ‘பெரட்டு’ என்பதை அடிக்கிறது. 1885இல் கான்கார்டு ஊர் நூலகம், கொச்சை நூலெனக் கூறி மார்க் டுவெயினின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’னை விலக்கியதும் இவ்வகைத் தூய்மையினாலேயே. டுவெயினோ தம் நூலில் பல வட்டார வழக்குகளை அரும்பாடுபட்டு வேறுபடுத்திக் காட்டியிருப்பதாக முன்குறிப்பே எழுதியவர். கட்டுரையில் செந்தமிழ் வேண்டும், அதில் ஐயமில்லை. கதைமாந்தன் பேசும்போதும் அதையே கேட்பது வேறு. பால்வெட்டும் பெண்ணைத் தமிழாசிரியைபோல் பேசவைத்தால், துரை பங்களாவிலிருந்து பார்த்தவரினும் தொலைவில் நின்று அவளைப் பார்த்ததாகும்.

பால்மரம் நின்ற இடங்களில் இப்போது செம்பனை நிற்கிறது. லயங்கள் பல இடிந்தன. அங்கிருந்தோர் நகர அடுக்ககங்களுக்குப் போயினர். பத்தாங் பெர்ஜுந்தை என்னும் பெயரே 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. பெரட்டு, லயம், மங்கு என்று சொன்னால் உடனே பொருள் காணும் முதியோர் இன்னும் சிலர் உளர். அவர்தம் பேரப்பிள்ளைகள் தமிழ்ப்பள்ளி வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர்.