ஐந்து பூ, ஒரு டம்ளர் தண்ணீர்

மூலிகைக் கண்காட்சி எந்த ஊரில் நடந்தாலும் ஒரு மேசையில் நித்தியகல்யாணித் தொட்டி இருக்கும். பின்னால் ஒரு ஃப்ளெக்ஸ் தொங்கும். வாசகம் ஊருக்கு ஊர் சற்று மாறினாலும் சாரம் ஒன்றுதான்: இது சித்தர்கள் கண்ட புற்றுநோய் மருந்து, வெள்ளைக்காரன் திருடிக்கொண்டு போய் நமக்கே விற்கிறான், காலையில் ஐந்து பூவைக் கொதிக்கவைத்துக் குடித்தால் சர்க்கரையும் அண்டாது, புற்றும் அண்டாது. வருடக்கணக்கில் படித்ததில் எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. மேடையேறுகிறவர்கள் கூடுதலாக ஒன்று சொல்வார்கள்: பக்கவிளைவே கிடையாது. கைதட்டல் விழுவது அங்கேதான்.

முதலில் சித்தர்கள். இந்தச் செடியின் தாய்மண் மடகாஸ்கர். இதன் பேரினத்தில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் அந்தத் தீவுக்கு உரியவை. அந்த ஒன்று இந்தியாவிலும் இலங்கையிலும் வயலோரம் முளைக்கிற, வெள்ளைப் பூ பூக்கிற சின்னக் களை. சொந்த மண்ணில் பிறந்தது என்று அதைத்தான் கொண்டாட வேண்டும். ஆனால் அதற்கு யாரும் ஃப்ளெக்ஸ் அடிப்பதில்லை. நம் வாசலில் நிற்பது, 18-ம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களில் வளர்க்கப்பட்டு, 1759-ல் லின்னேயஸிடம் பெயர் வாங்கி, வெப்ப நாடுகளெங்கும் அழகுக்காகப் பரவிய செடி. சித்தர்களுக்கு ஞானதிருஷ்டி உண்டு என்பவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. மடகாஸ்கர் வரைக்கும் தெரிந்திருக்கலாம்.

அடுத்தது திருட்டு. பறிகொடுத்தவர் என்று யாரையாவது சொன்னால் அது மடகாஸ்கராக இருக்கும், நாமல்ல. ஆய்வுக்கூடத்துக்குப் போன இலைகூட இங்கிருந்து போகவில்லை. 1952-ல் டொரான்டோ மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு, ஜமைக்காவில் இருந்த அவருடைய நோயாளி ஒருவர் 25 இலைகளை உறையில் போட்டு அனுப்பினார். அந்தத் தீவில் சர்க்கரை நோய்க்கு இதைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்பது சேதி. (இந்த கிளார்க் நோபிளுக்கு ஒரு கிளைக்கதை உண்டு. 1921-ல் இன்சுலின் ஆய்வில் பாண்டிங்குக்கு உதவியாளராக யார் முதலில் சேர்வது என்று இரண்டு மாணவர்கள் காசு சுண்டிப் பார்த்தார்கள். சார்லஸ் பெஸ்ட் ஜெயித்துப் புகழடைந்தார். தோற்றவர் நோபிள்.) அவர் அந்த இலைகளைத் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். தபாலில் வந்த இலையை வாங்கிக்கொண்டவருக்குத் திருடன் என்று பெயர் வைப்பதானால் ஊரில் பாதிப்பேரை உள்ளே தள்ள வேண்டியிருக்கும்.

கஷாயத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் உட்கார்ந்து பேசியாக வேண்டும். ஏனென்றால் பேச்சாளர்கள் எப்போதும் சாட்சிக்கு இழுப்பது இந்த ராபர்ட் நோபிளின் கண்டுபிடிப்பைத்தான். வெள்ளைக்காரனே ஒப்புக்கொண்டான் பாருங்கள் என்பார்கள். அவன் ஒப்புக்கொண்டது என்ன என்று ஒருவராவது வாசித்திருந்தால் அந்த ஃப்ளெக்ஸ் அன்றைக்கே இறங்கியிருக்கும்.

நோபிள் தேடியது சர்க்கரைக்கு மருந்து. கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் இலைச் சாற்றை விலங்குகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அதாவது நம் கண்காட்சிக் கஷாயத்தைத்தான் கொடுத்தார்கள். இரத்தச் சர்க்கரை அசையவில்லை. சாற்றை ஊசியாக ஏற்றியபோதுதான் எலிகள் சில நாட்களில் கிருமித்தொற்றில் செத்தன. ஏன் என்று பார்த்தால், வெள்ளணுக்கள் சரிந்துபோயிருந்தன. எலும்பு மஜ்ஜை ஒடுங்கியிருந்தது. வெள்ளணுவை இப்படி அடக்குகிற பொருள், வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகும் புற்றுக்கு உதவாதா என்று அவர்கள் யோசித்தார்கள். 1954-ல் வந்துசேர்ந்த வேதியியலாளர் சார்லஸ் பியர் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1958-ல் வின்பிளாஸ்டின் வெளியே வந்தது. அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனமும் இதே சர்க்கரைப் பேச்சைக் கேட்டுத்தான் இந்தச் செடியைக் கையில் எடுத்தது. அவர்களுக்கும் சர்க்கரையில் ஒன்றும் கிடைக்கவில்லை. எலிகளின் இரத்தப்புற்றில் கிடைத்தது. வின்கிரிஸ்டின் அங்கே பிறந்து 1963-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஆக, கஷாயம் வேலை செய்யவில்லை என்பதில்தான் இந்த மருந்தின் கதையே தொடங்குகிறது. மருந்தைக் காட்டிக் கஷாயம் விற்கிறவர், தன் சாட்சியின் முதல் வாக்குமூலத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தை வாசிக்கிறார்.

கணக்கும் பார்த்துவிடலாம். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டின் அதைவிட அரிது. பேச்சாளருக்குச் சலுகை காட்டி அதற்கும் 500 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். வின்கிரிஸ்டினின் ஒருவேளை அளவு பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டாது. அந்த 2 மில்லிகிராமுக்கு ஒரு கிலோ காய்ந்த இலை. காய்ந்த இலை ஒரு கிலோ என்றால் பச்சையில் எவ்வளவு என்று கீரை ஆய்ந்தவர்களுக்குத் தெரியும். இவர்கள் போடச் சொல்வதோ ஐந்து பூ! அதுவும், மருந்துக்கு எடுப்பது இலையை, பூவை அல்ல.

அந்த ஒரு கிலோவையும் ஒருவர் வைராக்கியமாகக் காய்ச்சிக் குடித்தார் என்றே வைப்போம். நூற்றுக்கு மேற்பட்ட ஆல்கலாய்டுகள் அதில் கலந்து கிடக்கின்றன. அவற்றிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்து, எடைபோட்டு, நரம்பில் ஏற்றுவதுதான் மருத்துவமனையில் நடப்பது. குடித்தால் ஒழுங்காக இரத்தத்தில் சேராது என்பதால்தான் ஊசி. நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை வெந்துபோகும். தவறி முதுகுத்தண்டு நீரில் ஏற்றிவிட்டால் அநேகமாக மரணம். இதற்கென்றே அந்த மருந்தின் மேல் தனி எச்சரிக்கை ஒட்டுகிறார்கள். இப்படிக் கையாளுகிற பொருளுக்குத்தான் இவர்கள் டம்ளர் அளவு சொல்கிறார்கள்.

பக்கவிளைவு இல்லையாம். வின்கிரிஸ்டின் ஏற்றிக்கொண்டவரைக் கேளுங்கள்: விரல் மரத்துப்போவது, சட்டைப் பொத்தான் போட முடியாதது, நாள்கணக்கில் மலம் இறங்காதது. அது ஊசி, நாங்கள் தருவது மூலிகை என்பார்கள். சரி, மூலிகைக்கே வருவோம். இந்தச் செடியைப் புற்றுக்காகக் காய்ச்சிக் குடித்து எலும்பு மஜ்ஜை ஒடுங்கிப்போன நோயாளியைப் பற்றித் தைவான் மருத்துவர்கள் 2004-ல் எழுதியிருக்கிறார்கள். கஷாயத்தில் மருந்து இல்லையென்றால் குடிப்பது வீண். இருந்தால் அளவு தெரியாத நஞ்சு. இரண்டில் எது என்று மேடையிலேயே சொல்லிவிட்டால் கேட்பவர்களுக்கு வசதி. ஆடு மாடு இந்த இலையில் வாய் வைப்பதில்லை. அவை கண்காட்சிக்குப் போவதில்லை.

எலிக்குச் சர்க்கரை இறங்கியது என்று சில பிற்கால ஆய்வுகளைக் காட்டுவார்கள். எலிக்கு வாழ்த்துகள்.

பூ புற்றை ஒழித்தது என்பதும் பாதிக் கதைதான். குழந்தைகளின் இரத்தப்புற்றை இந்த மருந்து தனியாக நின்று வெல்லவில்லை. அடையாறு புற்றுநோய் நிலையமும் மும்பை டாடா மருத்துவமனையும் டெல்லி எய்ம்ஸும் கையாண்ட எம்.சி.பி. 841 என்ற சிகிச்சை முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வின்கிரிஸ்டின் உண்டு. கூடவே பிரெட்னிசோலோன், ஆஸ்பராஜினேஸ், மெத்தோட்ரெக்ஸேட், மெர்காப்டோபியூரின் எல்லாம் உண்டு. பெருமைதான் வேண்டும் என்றால் அந்த மெத்தோட்ரெக்ஸேட்டைப் பிடித்துக்கொள்ளலாம். அதற்கு வழிவகுத்த ஆய்வுகளை லெடர்லே நிறுவனத்தில் முன்னின்று நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவர் படத்தை ஒரு மூலிகைக் கண்காட்சியிலும் நான் பார்த்ததில்லை. அவரைக் கொதிக்கவைத்துக் குடிக்க முடியாது என்பது காரணமாக இருக்கலாம்.

விஷயம் தெரிந்து இந்தச் செடியோடு புழங்கியவர்கள் நம் தென்மாவட்ட விவசாயிகள். மானாவாரியில் விதைத்து, இலையை உருவி, வேரைத் தோண்டி, காயவைத்து, மூட்டையாக எடைபோட்டு விற்றார்கள். டன் கணக்கில் போனால்தான் கிராம் கணக்கில் மருந்து என்பதை அந்த வியாபாரமே சொல்லிவிடுகிறது.

செடியை வளர்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சித்திரை வெயிலில் மற்றதெல்லாம் சுருளும்போது வருடம் முழுக்கப் பூத்து நிற்பதற்கு இதைவிட்டால் வேறு எது? சுடுகாட்டுப் பூ என்று வாசலில் வைக்கத் தயங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, சுடுகாட்டில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல்தான் அது அங்கே பூத்தது. நர்சரியில் வின்கா என்று கேட்டால் கிடைக்கிற கலப்பின ரகங்கள் நிறத்துக்கும் பூவின் அகலத்துக்கும் உருவாக்கப்பட்டவை. மருந்துத் தோட்டம் போட்டதாக நினைத்து வாங்க வேண்டாம். அக்கறையில் தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினால் வேரழுகல் வந்து செத்துப்போகும். என்றைக்காவது பூவெல்லாம் பச்சையாகி இலைபோலச் சுருண்டு வந்தால், அபூர்வ மூலிகை என்று புது ஃப்ளெக்ஸ் அடித்துவிட வேண்டாம். அது தத்துப்பூச்சி கொண்டுவருகிற பைட்டோபிளாஸ்மா நோய். பக்கத்துத் தொட்டிக்குப் பரவுவதற்குள் செடியைப் பிடுங்கிப் போட வேண்டும்.