கைவிட்ட மென்பொருள், பூட்டிய நம் வரலாறு

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் நடந்த பேரணியில் தடியடி. தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. அந்தக் காலத்துத் துண்டறிக்கைகளும் சிற்றிதழ்களும் எதில் தயாராயின? கடையநல்லூர், சங்கரன்கோவில் போன்ற ஊர்களின் டிடிபி சென்டர்களில், பெரும்பாலும் பேஜ்மேக்கரில்.

அதன் கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வந்தது 2001இல். பிறகு அடோபி இன்டிசைனுக்குப் போய்விட்டது. பேஜ்மேக்கரின் மூலநிரலை வெளியிடவில்லை. இன்றைய இன்டிசைனும் அந்தக் கோப்புகளைத் திறக்காது. எழுதியது நாம், சாவி அவர்களிடம்.

விற்பனையை நிறுத்துவது நிறுவனத்தின் உரிமை. ஆனால் நிரலைப் பயனர்களிடம் கொடுத்துவிட்டு நிறுத்தட்டும். வணிக ரகசியமாம்! விற்காத பண்டத்துக்கு என்ன வணிகம்? 2002இல் பிளெண்டரை உருவாக்கிய நிறுவனம் மூடப்பட்டபோது, பயனர்கள் ஏழே வாரங்களில் 1,00,000 யூரோ திரட்டி அதன் நிரலை மீட்டார்கள். பிளெண்டர் இன்றும் வளர்கிறது. பேஜ்மேக்கருக்கு அந்த வாய்ப்பு இல்லை. தன்னார்வலர்கள் அதன் கோப்பு அமைப்பைத் தாங்களே துப்புத்துலக்கி, 2015இல் லிப்ரே ஆபிஸ் 4.4 வழியாகத் திறக்க வைத்தார்கள். நமக்கு அது பாதி வழிதான். பழைய தமிழ் எழுத்துருக்களை யுனிகோடுக்கு மாற்றும் வேலை மிச்சம் இருக்கிறது.

தோழர்களே, அரசு வாங்கும் ஒவ்வொரு மென்பொருளின் ஒப்பந்தத்திலும் 'கைவிட்டால் நிரலை வெளியிட வேண்டும்' என்ற நிபந்தனையைக் கேட்போம். அதுவரை, மூத்த தோழர்களின் பரணில் கிடக்கும் சிடிகளைத் தேடி எடுங்கள், மாற்றுங்கள், பல பிரதிகள் வையுங்கள். நடந்ததைப் பற்றி அரசின் பதிவு ஒரு கதை சொல்லும். நம் சாட்சியம் அந்தச் சிடிகளில் இருக்கிறது.