வெயிலும் கூட்டமும் ஒரே நேரத்தில்



கோடை விடுமுறை இதழ் உங்கள் கையில் இருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இந்த மாதம் ஒருநாளாவது தீம் பார்க்குக்குப் போய்வராமல் தீராது. சென்னைக்காரர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது, திருப்போரூர்ப் பக்கம் புதிதாக வந்த வொண்டர்லாவும் இருக்கிறது. மதுரையில் அதிசயம், மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர். இந்தச் சமயம் பார்த்து, எட்டாம் வகுப்பு படிக்கும் வாசகி ஒருவர் ஓர் அஞ்சலட்டை போட்டிருக்கிறார். “ரோலர் கோஸ்டரை சோலாரில் ஓட்ட முடியுமா? மேகம் வந்தால் பாதியில் நின்றுவிடாதா?” என்று இரண்டே வரி. இரண்டும் என்னை வேலை வாங்கிய கேள்விகள். இந்தப் பக்கம் முழுவதும் அந்தப் பிள்ளைக்கான பதில்தான். நீங்களும் கூட இருந்து படியுங்கள்.

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம். நிற்காது. பூங்காவில் போடும் சோலார் தகடுகளை யாரும் நேராக ராட்டினத்தில் கொண்டுபோய் மாட்டுவதில்லை. தகடுகளும் மின்வாரியத்தின் கம்பியும் சேர்ந்துதான் பூங்காவுக்கு மின்சாரம் தருகின்றன. மேகம் மூடினால் தகட்டிலிருந்து வருவது குறையும், அந்தக் குறையை அந்த நொடியே கம்பி ஈடுகட்டிவிடும். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கரண்டே போய்விட்டாலும் பயமில்லை. ரோலர் கோஸ்டர் மேட்டில் ஏறும்போது ‘டக் டக் டக்’ என்று ஒரு சத்தம் வருமே, அது வண்டியின் அடியில் இருக்கும் இரும்புக் கொக்கி பாதையின் பற்களில் ஒவ்வொன்றாக விழுகிற சத்தம். சங்கிலி நின்றால் அந்தக் கொக்கி வண்டியைப் பின்னால் உருளவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

இனி முதல் கேள்வி. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்துப் பத்து டன் எடையுள்ள கோஸ்டர் வண்டியை 40 மீட்டர் உயரத்துக்கு, அதாவது பன்னிரண்டு, பதின்மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சிக்கு, ஏற்ற எவ்வளவு மின்சாரம் வேண்டும்? எடை, உயரம், புவியீர்ப்பு மூன்றையும் பெருக்கினால் கிட்டத்தட்ட ஒரு யூனிட் வருகிறது. நம் வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான். மோட்டாரிலும் சங்கிலியிலும் வீணாவதைச் சேர்த்தால் ஒன்றரை என்று வைத்துக்கொள்ளலாம். உச்சியைத் தாண்டிவிட்டால் மோட்டாருக்கு வேலை முடிந்தது. அதன் பிறகு வரும் பாய்ச்சல், வளையம், அலறல் எல்லாவற்றையும் புவியீர்ப்பே பார்த்துக்கொள்கிறது. இருபது, இருபத்தைந்து பேருக்கு உயிர் தொண்டைக்கு வந்து போகும் அனுபவத்துக்கு ஆகும் செலவு, ஒரு படுக்கையறை ஏ.சி. ஓரிரு மணி நேரம் ஓடுவதற்கு ஆகும் மின்சாரம்தான். இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

மேட்டில் மெல்ல ஏறாமல், நின்ற இடத்திலிருந்தே சீறிப் பாயும் கோஸ்டர்களின் கதை வேறு. அங்கே மொத்த யூனிட் பிரச்சினை இல்லை, அது இரண்டு மூன்று நொடிக்குள் தேவைப்படுவதுதான் பிரச்சினை. ஆர்லாண்டோவின் யூனிவர்சல் பூங்காவில் 1999-இல் திறந்த ‘இன்க்ரெடிபிள் ஹல்க்’ கோஸ்டருக்கு மின்சாரத்தை நேராகக் கம்பியிலிருந்து எடுத்திருந்தால், ஒவ்வொரு முறை அது கிளம்பும்போதும் சுற்றுவட்டாரத்தில் விளக்கு மங்கியிருக்கும். அதனால் டன் கணக்கில் எடையுள்ள சுழல்சக்கரங்களை வைத்தார்கள். குயவரின் சக்கரம் கோலால் சுற்றிவிட்ட வேகத்தைத் தன்னுள் வைத்துக்கொள்கிறதல்லவா, அதுபோல இவை இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் நிதானமாக வேகத்தைச் சேர்த்துக்கொண்டு, தேவைப்படும் நொடியில் மொத்தமாகக் கொடுத்துவிடும். நியூ ஜெர்சியில் 139 மீட்டர் உயரத்துக்குப் பாய்ந்த ‘கிங்டா கா’வில் இதே வேலையை அழுத்தத்தில் அடைத்த எண்ணெயும் நைட்ரஜனும் செய்தன. சோலாருக்கு இது நல்ல செய்தி. இடையில் சேமிப்பு என்று ஒன்று இருந்துவிட்டால், சூரியன் தன் வேகத்துக்கு மெதுவாகக் கொடுத்தால் போதும்.

அப்படியானால் பூங்காவின் கரண்ட் பில்லை ஏற்றுவது எது? தண்ணீரும் குளிரும்தான். சறுக்குக் குழாய்களின் உச்சிக்கு நாள் முழுக்கத் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வேவ் பூலில் அலை எழுப்பக் காற்றை அழுத்த வேண்டும். குளத்து நீரைச் சுற்றவிட்டு வடிகட்டிக்கொண்டே இருக்க வேண்டும். செயற்கைப் பனி விளையாட்டு இருந்தால் அந்த அறையைக் கொளுத்தும் மே மாதத்தில் உறைநிலைக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். போதாததற்கு உணவகம், கடைகள், ஏ.சி. அரங்குகள்.

நம் ஊருக்கென்றே அமைந்த வசதி ஒன்று இதில் இருக்கிறது. நம் தீம் பார்க்குகள் பெரும்பாலும் பகல் பூங்காக்கள். காலையில் திறந்து, மாலை இருட்டும் வேளையில் மூடிவிடுகிறார்கள். பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரைதான் தண்ணீரில் கூட்டம் அலைமோதும். பம்புகள் முழுமூச்சாக ஓடும். தகடுகள் மிக அதிகமாகக் கொடுப்பதும் அந்த நேரத்தில்தான். ஆண்டுக் கணக்கிலும் அப்படியே. ஏப்ரல், மே மாதங்களில் விடுமுறைக் கூட்டமும் வெயிலும் சேர்ந்து உச்சத்துக்கு வருகின்றன. மின்சாரம் தேவைப்படும் நேரமும் கிடைக்கும் நேரமும் இவ்வளவு பொருந்திப்போகும் தொழில்கள் அதிகம் இல்லை.

உலகத்தில் இதைச் செய்து பார்த்தவர்கள் உண்டு. வால்ட் டிஸ்னி வேர்ல்டின் எப்காட் பூங்கா 1982-இல் திறந்தபோதே, எரிசக்தி பற்றிய அரங்கின் கூரையில் சூரிய மின்கலங்களைப் பதித்திருந்தார்கள். அங்கே 2016-இல் மிக்கி மவுஸ் தலை வடிவத்தில் 5 மெகாவாட் நிலையம் வந்தது; பிறகு 270 ஏக்கரில் 50 மெகாவாட். டிஸ்னி வேர்ல்டின் நான்கு பூங்காக்களில் இரண்டின் ஆண்டுத் தேவைக்கு அது போதும் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு.

ஆனால் நான் சற்று நின்று பேச விரும்புவது நியூ ஜெர்சியின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சரைப் பற்றி. சற்றுமுன் சொன்ன கிங்டா கா இருந்த பூங்கா அது. அங்கே சூரிய மின் நிலையம் அமைக்க முதலில் போட்ட திட்டத்தில், பக்கத்துக் காட்டில் 66 ஏக்கர் மரங்களை வெட்டுவதாக இருந்தது. பசுமை மின்சாரத்துக்காகப் பச்சை மரத்தை வெட்டுவதா என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. கடைசியில் சமரசம் ஏற்பட்டது. வெட்டும் பரப்பை 40 ஏக்கராகக் குறைத்து, மீதித் தகடுகளைக் கார் நிறுத்துமிடத்துக்கு மேல் கூரையாகப் போட ஒப்புக்கொண்டார்கள். 23.5 மெகாவாட் நிலையம் வந்தது. பூங்காவின் மின்தேவையில் ஏறத்தாழ முழுவதையும் அது ஈடுகட்டும் என்று அறிவித்தார்கள். ஆனாலும் 40 ஏக்கர் மரங்கள் போனதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கார் நிறுத்துமிடம் முதல் நாளே கண்முன் விரிந்து கிடந்ததே! அதைக் காட்ட ஒரு வழக்கு வேண்டியிருந்தது. டிஸ்னிலேண்ட் பாரிஸ் தொடக்கத்திலேயே சரியான இடத்தைப் பிடித்தது. 2020-இல் வேலையைத் தொடங்கி, விருந்தினர் வாகன நிறுத்துமிடத்தின் மேல் 17 ஹெக்டேர் பரப்புக்குத் தகட்டுக் கூரை போட்டார்கள். ஆண்டுக்கு 3.6 கோடி யூனிட் அதன் இலக்கு.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். காரை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளோடு உள்ளே போய், மாலையில் திரும்பி வந்து கதவைத் திறந்தால் அனலாக முகத்தில் அடிக்கும். ஸ்டியரிங்கில் கை வைக்க முடியாது. அந்த ஒரு காரின் இடத்துக்கு மேல் சுமார் இரண்டு கிலோவாட் தகடு போடலாம். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். ஆயிரம் கார் நிற்கும் இடம் என்றால் நாளுக்கு எட்டாயிரம் யூனிட். உயர் அழுத்த வணிக இணைப்பில் யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்குக் குறையாமல் கட்டும் பூங்காவுக்கு, அது நாளுக்கு அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். நிலத்தில் பதிப்பதைவிட இதற்குச் செலவு கூடுதல்தான். கார்களுக்கு மேலே உயரமான இரும்புச் சட்டம் வேண்டும், அது கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றையும் புயலையும் தாங்க வேண்டும். ஆனால் ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் நிலம் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு மரத்தைத் தொட வேண்டியதில்லை.

இதற்குத் துணிச்சல் வேண்டும் என்று நினைப்பவர்கள் பக்கத்துக் கொச்சிக்குப் போய்ப் பார்க்கலாம். அங்குள்ள விமான நிலையம் 2015 ஆகஸ்டில் 12 மெகாவாட் நிலையத்தோடு, முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்று பெயரெடுத்தது. தகடுகளுக்கு இடையே காய்கறி பயிரிடுகிறார்கள். கார் நிறுத்துமிடத்துக்கு மேலும் தகடு போட்டிருக்கிறார்கள். இரவு பகலாக ஓடும் விமான நிலையத்துக்குச் சாத்தியமானது, மாலையில் மூடும் பூங்காவுக்குக் கடினமாக இருக்காது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ‘முழுக்கச் சூரிய மின்சாரம்’ என்று யார் சொன்னாலும் அது ஆண்டுக் கணக்கு. பகலில் மிஞ்சுவதைக் கம்பிக்குக் கொடுக்கிறார்கள், இரவில் திரும்ப வாங்குகிறார்கள். இரவு எட்டு மணிக்கு எரியும் விளக்கு அந்த நேரத்தில் வேறு எங்கோ உற்பத்தியான மின்சாரத்தில்தான் எரிகிறது. கணக்கு நேர்மையானதுதான். ஆனால் இரவை நிரப்ப வேறு ஏற்பாடும் தேவை. அதற்கும் நம்மிடம் வழி உண்டு. கோவை, திருப்பூர் வட்டார நூற்பாலைகள் 1990-களிலிருந்தே முப்பந்தலிலும் பல்லடம், உடுமலைப் பக்கத்திலும் சொந்தக் காற்றாலை வைத்து, மின்வாரியக் கம்பி வழியாகத் தங்கள் ஆலைக்கு மின்சாரம் கொண்டுவருகின்றன. மே கடைசியில் தொடங்கி ஆவணி வரை வீசும் அந்தக் காற்றுக்கு இரவு பகல் பேதமில்லை. ஒரு ஆலையால் முடிந்தது பூங்காவாலும் முடியும். தனியாக முடியாதவர்கள் நாலு பேர் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது.

எனக்கு விடை பிடிபடாமல் உறுத்துவது ஊர்த் திருவிழா. சித்திரைப் பொருட்காட்சி, மாரியம்மன் திருவிழா, மாதா கோயில் கொடியேற்றம் என்று ஊர் ஊராகப் போகும் ராட்டினக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குச் சொந்த நிலமும் இல்லை, கூரையும் இல்லை; வியாபாரம் முழுக்க இரவில். ஜயன்ட் வீலுக்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர் புகை கக்கிக்கொண்டு நிற்கும். பக்கத்திலேயே பிள்ளைகள் பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டிருப்பார்கள். அந்தக் காலத்து மர ராட்டினத்துக்கு ஜெனரேட்டர் கிடையாது. ஆள் ஒருவர் குறுக்குச் சட்டத்தில் ஏறித் தன் உடல் எடையால் அழுத்திச் சுற்றிவிடுவார். வேல்ஸ் நாட்டில் கிரீன்வுட் என்ற பூங்கா 2004-இல் இந்த வழியையே ரோலர் கோஸ்டருக்குப் பயன்படுத்தியது. மேட்டுக்கு நடந்து வருபவர்கள் ஒரு சாய்வு வண்டியில் உட்கார்ந்தால், அவர்கள் எடையில் அது கீழே இறங்கும். இறங்க இறங்க, கம்பியில் கட்டிய கோஸ்டர் வண்டி மேலே ஏறும். பார்க்கப் பரவசமான ஏற்பாடுதான். ஆனால் இரவுக்கு இரவு ஆயிரம் பேரைச் சுற்றிவிடவேண்டிய ராட்டினக்காரருக்கு அது சோறு போடாது. அவருக்கு இப்போதைக்கு உதவக்கூடியது, குண்டு பல்புக்குப் பதில் எல்.இ.டி. (கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா துறைமேடையில் 2008-இல் வந்த ராட்டினம் விளக்கு மின்சாரத்தில் முக்கால் பங்கை இப்படித்தான் குறைத்தது), அதோடு திருவிழாத் திடலில் கட்டுப்படியாகும் கட்டணத்தில் ஒரு தற்காலிக மின் இணைப்பு. பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் பேட்டரி வந்துவிட்ட இந்தக் காலத்தில், பகலில் எங்காவது சார்ஜ் ஏற்றி, இரவில் திடலில் கொண்டுவந்து நிறுத்தும் ஒரு பேட்டரி வண்டியும் எட்டாத கனவு இல்லை. பொருட்காட்சியை அரசே நடத்தும் ஊர்களில் அதை அரசே ஆரம்பித்துவைக்கலாம். டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இந்த விடுமுறையில் நீங்கள் எந்தப் பூங்காவுக்குப் போனாலும், வண்டியை நிறுத்தும் இடத்தில் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால், டிக்கெட் கவுன்ட்டரில் இருக்கும் பிள்ளையிடம் கேட்காதீர்கள், பாவம், அவருக்குத் தெரியாது. பூங்கா அலுவலகத்தில் கருத்துப் புத்தகம் கேட்டு வாங்கி, ‘நிறுத்துமிடத்துக்கு சோலார் கூரை போடுங்கள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தகடு ஏற்கெனவே இருந்தால், எத்தனை கிலோவாட், பில் எவ்வளவு குறைந்தது என்று விசாரித்து எங்களுக்கு எழுதுங்கள். ஊர்த் திருவிழாவில் ஜெனரேட்டர் இல்லாமல் ஓடும் ராட்டினம் ஒன்றைக் கண்டால், அதை அவசியம் எழுதுங்கள். எங்கள் நிருபரை அந்த ஊருக்கே அனுப்புகிறேன். வரும் கடிதங்களை ஆடி இதழில் சேர்த்து வெளியிடுவோம். அஞ்சலட்டை போட்ட அந்தப் பிள்ளைக்கு இந்த இதழின் ஒரு பிரதி தனியாகப் போகிறது.

அன்புடன்,
ஆசிரியர்