"பார்சல் வரவில்லை" என்றால் யார் பொறுப்பு?

கடை வைக்காமலே வியாபாரம் செய்யும் காலம் இது. மைசூர் அக்ரஹாரம் போன்ற பகுதிகளில் வாடகை வீட்டில் குடியிருக்கும் குமாஸ்தாக்களும், தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் தொழிலாளர்களும், சம்பளத்தில் விழும் துண்டைச் சரிக்கட்டுவதற்குச் செல்போனை நம்பத் தொடங்கிவிட்டார்கள். ஊதுவத்தி, சந்தன சோப்பு, சேலை, வீட்டில் இடித்த பொடி வகைகள் என்று விற்பனை நடக்கிறது. பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் இதை நடத்துகிறார்கள். சேலத்திலும் ஈரோட்டிலும் சென்னையிலும் இருப்பவர்கள் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புகிறார்கள். இங்கிருந்து பார்சல் போகிறது.

கடை வாடகை இல்லை. அட்வான்ஸ் இல்லை. ஆனால் ஒரே ஒரு செய்தி இந்தச் சிறு வியாபாரத்தை ஆட்டம் காணச் செய்துவிடும். "பணம் கட்டிப் பத்து நாள் ஆகிறது. பார்சல் வரவில்லை. பணத்தைத் திருப்பி அனுப்புங்கள்" என்பதுதான் அந்தச் செய்தி.

1,800 ரூபாய்க்கு வாங்கிய சேலையை 2,000 ரூபாய்க்கு விற்பவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு ஒரு சேலை தொலைந்தால், ஒன்பது சேலை விற்ற லாபம் போய்விடும். தபால் செலவு தனி. பெரிய கம்பெனிக்கு இது கணக்கில் ஒரு வரி. சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்துக்கோ அது ஒரு மாதத்து மளிகைச் செலவு.

மறுபக்கம் வாங்கியவர் இருக்கிறார். அவரும் லட்சாதிபதி அல்ல. தீபாவளிக்கென்று சேர்த்து வைத்த பணத்தை, முகம் தெரியாத ஒருவரை நம்பி அனுப்பியவர். அவருடைய கோபமும் நியாயமானதே.

இரண்டு தவறுகள்

இந்தப் புகார் வந்ததும் விற்பவர்கள் இரண்டில் ஒரு தவறைச் செய்கிறார்கள்.

சிலர், "அனுப்பியாகிவிட்டது. இனி கூரியர்காரரைக் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுப்பதில்லை. வாங்கியவருக்குக் கூரியர் அலுவலகம் எங்கே இருக்கிறது என்பது கூடத் தெரியாது. பணம் கட்டி ரசீது வாங்கியவர் விற்பவர்தான். கேட்க வேண்டியவரும் அவர்தான்.

வேறு சிலர், கெட்ட பெயர் வந்துவிடுமே என்று பயந்து, விசாரிக்காமலே அன்றைக்கே பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். மூன்றாம் நாள் பார்சலும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பணமும் போயிற்று, சரக்கும் போயிற்று. வாங்கியவர் நல்லவராக இருந்தால் திருப்பித் தருவார். இல்லாவிட்டால் கேட்பதற்கு வழி இல்லை.

கோபத்துக்கும் பயத்துக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. நாள் கணக்கு வைத்து விசாரித்து, முடிவை எழுத்தில் சொல்வதுதான் அந்த வழி. அதற்குச் சட்டமும் இடம் தருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 39-வது பிரிவு இந்தப் பிரச்சினையைத் தொட்டுப் பேசுகிறது. சரக்கை அனுப்பி வைப்பது என்று பேசி விற்றிருந்தால், விற்பவர் அதை ஏற்றிச் செல்பவரிடம் ஒப்படைத்ததே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாக முதல் நோக்கில் கருதப்படும் என்கிறது அந்தப் பிரிவு.

இதைக் கேட்டதும் விற்பவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. சரக்கின் தன்மைக்கு ஏற்றபடி, ஏற்றிச் செல்பவரோடு நியாயமான ஏற்பாட்டை விற்பவர் செய்ய வேண்டும். அப்படிச் செய்யாமல் விட்டு, வழியில் சரக்கு தொலைந்தால், "எனக்கு ஒப்படைத்ததாக ஏற்க முடியாது" என்று வாங்குபவர் சொல்லலாம்.

அதாவது, இரண்டாயிரம் ரூபாய்ச் சேலையை ரசீது இல்லாமல் தெரிந்த பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்பியவர், சட்டத்தின் நிழலில் ஒதுங்க முடியாது. கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகமே 2021-ல் "நம்ம கார்கோ" என்ற பெயரில் பார்சல் சேவையைத் தொடங்கியது. முறைப்படி பதிவு செய்து அனுப்ப வழி இருக்கும்போது, டிரைவரின் நல்ல மனசை நம்புவது வியாபாரம் ஆகாது.

"வீட்டு வாசலில் கொண்டு வந்து தருவோம்" என்று விளம்பரம் செய்தவர்களின் நிலை வேறு. அவர்கள் கொடுத்த வாக்கே ஒப்பந்தம் ஆகிவிடுகிறது. கம்பெனிகளின் இணையத் தளம் மூலம் விற்பவர்களுக்கும் அந்தத் தளத்தின் நிபந்தனைகள்தான் முதலில் வரும். சேரும்போது படிக்காமல் "சம்மதம்" என்று அழுத்திய பக்கத்தை ஒருமுறையாவது பொறுமையாகப் படிப்பது நல்லது.

பொடி எழுத்து

கூரியர் ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதோ அச்சிட்டிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஒரு வழக்கு காட்டுகிறது.

பாரதி நிட்டிங் கம்பெனி என்ற பின்னலாடை நிறுவனம், 1990 மே மாதம் ஜெர்மனியில் உள்ள வாடிக்கையாளருக்குச் சரக்கு சம்பந்தமான தஸ்தாவேஜுகளைக் கூரியரில் அனுப்பியது. கவர் போய்ச் சேரவில்லை. மறுபிரதி போவதற்குள் கோடைக்கால விற்பனை முடிந்துவிட்டது. ஜெர்மன்காரர் விலையைக் குறைத்துத்தான் பணம் கொடுத்தார். நஷ்டம் லட்சக்கணக்கில். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1996-ல் தீர்ப்பு வந்தது. கையெழுத்துப் போட்ட ரசீதில், பொறுப்பு 100 டாலர் வரைதான் என்று அச்சிட்டிருந்தது. அந்த நிபந்தனை கையெழுத்துப் போட்டவரைக் கட்டுப்படுத்தும் என்று கோர்ட்டு கூறிவிட்டது.

ஏற்றுமதிக் கம்பெனிக்கே இந்த கதி என்றால், அக்ரஹாரத்துச் சந்தில் இருந்து சேலை அனுப்புகிறவர் எம்மாத்திரம்?

தபால் துறையும் இதற்கு விலக்கல்ல. 1898-ம் ஆண்டின் தபால் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட 2023-ம் ஆண்டுச் சட்டம், 2024 ஜூன் 18-ந் தேதி அமலுக்கு வந்தது. விதிகளில் சொன்ன அளவுக்கு மேல் தபால் துறைக்குப் பொறுப்பு இல்லை என்று புதிய சட்டமும் சொல்கிறது. ஸ்பீடு போஸ்டு தொலைந்தால், கட்டிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது என்பதுதான் நெடுங்காலமாக இருந்து வந்த விதி. 80 ரூபாய் கட்டி அனுப்பிய பட்டுச் சேலைக்கு 160 ரூபாய் கிடைத்தால் யாருக்கு ஆறுதல்? விலை உயர்ந்த சரக்கை இன்சூர் செய்து அனுப்ப வேண்டும் என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

கையெழுத்து எங்கே?

முன்பெல்லாம் பதிவுத் தபாலில் ஒப்புதல் அட்டை திரும்பி வரும். பெற்றவரின் கையெழுத்து அதில் இருக்கும். வி.பி.பி. முறையில், தபால்காரரிடம் பணம் கட்டினால்தான் பார்சல் கைக்கு வரும். "வரவில்லை" என்ற பேச்சுக்கு அங்கே இடம் குறைவு.

2025 செப்டம்பர் 1-ந் தேதி முதல் பதிவுத் தபால் தனிச் சேவையாக இல்லை. ஸ்பீடு போஸ்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் இரண்டு வசதிகள் அறிவிக்கப்பட்டன. 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கட்டினால், முகவரியில் கண்டவரிடமே ஒப்படைக்கும்படி பதிவு செய்யலாம். இன்னொரு 5 ரூபாயும் வரியும் கட்டினால், பெறுபவரின் செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைச் சொன்ன பிறகே பார்சல் கொடுக்கப்படும்.

ஒரு டீக்குக் கொடுக்கும் காசு இது. இதை மிச்சம் பிடித்துவிட்டு, பிறகு ஆயிரக்கணக்கில் தகராறு செய்வது புத்திசாலித்தனம் அல்ல. வாங்குபவரிடமே சொல்லி இந்தத் தொகையை விலையில் சேர்க்கலாம். நேர்மையான எந்த வாடிக்கையாளரும் ஆட்சேபிக்க மாட்டார்.

எந்த அக்ரஹாரம்?

காணாமல் போனதாகச் சொல்லப்படும் பார்சல்களில் சில, உண்மையில் வழி தவறியவை. அக்ரஹாரம் என்ற பெயரையே பாருங்கள். மைசூரில் ஓர் அக்ரஹாரம். பெங்களூரில் பரப்பன அக்ரஹாரம், கோணப்பன அக்ரஹாரம், அக்ரஹார தாசரஹள்ளி என்று பல. தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் அக்ரஹாரத் தெரு. "அக்ரஹாரம், கர்நாடகம்" என்று மட்டும் எழுதினால் தபால்காரர் என்ன செய்வார்?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1972 ஆகஸ்டு 15-ல் ஆறு இலக்கப் பின்கோடு முறை வந்தது. அதில் ஓர் இலக்கம் தவறினால் பார்சல் வேறு ஊருக்குப் போய்விடும். வாங்குபவர் அனுப்பிய முகவரியை அப்படியே திருப்பி அனுப்பி, "இது சரிதானா?" என்று கேட்டு, "சரி" என்ற பதிலை வைத்துக்கொள்ள வேண்டும். தவறு யாருடையது என்ற வாதம் பிறகு எழாது.

புகார் வந்தால் செய்ய வேண்டியது

இணைய வர்த்தக நிறுவனங்களுக்காக 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் ஒரு நல்ல அளவுகோலைத் தருகின்றன. புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வீட்டில் இருந்து விற்பவர்களும் இதையே தங்கள் வழக்கமாக வைத்துக்கொண்டால் மரியாதை கூடும்.

முதல் நாளே பதில் சொல்லி, ரசீதின் படத்தை அனுப்ப வேண்டும். அதில் உள்ள எண்ணை வைத்துப் பார்சல் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். "கொடுக்கப்பட்டது" என்று காட்டினால், பக்கத்து வீட்டிலும் காவலாளியிடமும் வேலை செய்யும் இடத்திலும் விசாரிக்கும்படி பணிவாகக் கேட்க வேண்டும். பல பார்சல்கள் அங்கேதான் கண்டுபிடிக்கப்படுகின்றன. கிடைக்காவிட்டால், தபால் நிலையத்திலோ கூரியர் அலுவலகத்திலோ எழுத்து மூலம் புகார் கொடுத்து, யாரிடம் ஒப்படைத்தார்கள் என்பதற்கு ஆதாரம் கேட்க வேண்டும். வாய்ப்பேச்சுக்கு மதிப்பு இல்லை. புகார் எண்ணும் தேதியும் வேண்டும்.

தொலைந்தது உறுதியானால் என்ன செய்வது? வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏற்றிச் சென்றவரிடம் நஷ்டஈடு கேட்பதே முறை. சட்டப் பிரிவைக் காட்டி வாதாடி ஜெயிக்கலாம். ஆனால் அந்த வாடிக்கையாளர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் திரும்பி வர மாட்டார்கள். வெளிமாநிலத்தில் இருந்து ஊர்க்காரர்களுக்கு விற்பவருக்குப் பெயர்தான் மூலதனம்.

கையெழுத்தோ ஓ.டி.பி.யோ இருந்து, வாங்கியவரே பெற்றுக்கொண்டது தெளிவாக இருந்தால், ஆதாரத்தைக் காட்டி மறுப்பதில் தவறு இல்லை. "பெட்டி காலியாக இருந்தது" என்பவர்களுக்கு ரசீதில் அச்சான எடையே பதில் சொல்லும். பார்சல் கட்டும்போது செல்போனில் படம் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது. ஆனால் ஆதாரம் கையில் இல்லாமல் யாரையும் "ஏமாற்றுக்காரர்" என்று ஏசக் கூடாது. அந்த ஒரு வார்த்தை, சிறு தகராறைப் போலீஸ் வரை கொண்டு போய்விடும்.

அப்படிப் போனால் ஆபத்தும் உண்டு. பணம் கட்டி ஏமாந்ததாக வாங்கியவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்தால், விற்பவரின் வங்கிக் கணக்கில் பணம் நிறுத்தி வைக்கப்படலாம். சம்பளம் வரும் கணக்கிலேயே வியாபாரப் பணத்தையும் வாங்குகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். வியாபாரத்துக்குத் தனிக் கணக்கு வைப்பது நல்லது.

கம்பெனிகளின் கடமை

எல்லாப் பாரத்தையும் சிறு வியாபாரியின் தலையில் ஏற்றுவது நியாயம் அல்ல. பார்சல் யாரிடம் கொடுக்கப்பட்டது என்ற ஆதாரம் கம்பெனியின் கையில் இருக்கிறது. ஆதாரம் யாரிடம் உள்ளதோ, நிரூபிக்கும் பொறுப்பும் அவரிடமே இருக்க வேண்டும். இணையத் தளங்கள் விற்பவரின் பணத்தைப் பிடித்தம் செய்வதற்கு முன், அந்த ஆதாரத்தை அவருக்குக் காட்ட வேண்டும்.

கூரியர் ரசீதில் உள்ள பொறுப்பு வரம்பும் பெரிய எழுத்தில், கன்னடத்திலும் தமிழிலும் அச்சிடப்பட வேண்டும். பார்சலை வாங்கும் குமாஸ்தா, "தொலைந்தால் இவ்வளவுதான் கிடைக்கும். இன்சூர் செய்கிறீர்களா?" என்று வாய் திறந்து கேட்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

அது வரும் வரை, விற்பவர்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள வேண்டியதுதான். தகராறு வந்த பிறகு ஆதாரம் தேடினால் கிடைக்காது. பார்சல் கட்டும் அன்றே அதைச் சேர்த்து வைக்க வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி, பெயர், முகவரி, எடை, ரசீது எண் என்று எழுதி, ரசீதையும் அதிலேயே ஒட்டி வைக்கட்டும். அலுவலகத்தில் அடுத்தவர் கணக்கை ஒழுங்காக எழுதுகிற குமாஸ்தாவுக்கு, வீட்டுக் கணக்கை எழுதுவது பெரிய வேலை அல்லவே!