தோழமையும் குற்றமோ?

மறியற்சாலையிலே மனிதனுக்கு மிஞ்சுவது யாது? வீடில்லை, நிலமில்லை, பெயருக்குப் பதிலாக ஓர் இலக்கம். மிஞ்சுவது அருகிலிருப்பவனின் தோழமை ஒன்றே. அதனையும் பறிப்பதுதான் நிர்வாகமோ?

1979 இல் தற்காலிகமெனக் கொண்டுவரப்பட்டு, 1982 இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் எம் இளைஞரை எத்தனை சிறைகளில் அடைத்தது! சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் ஒப்பமிட்டவனுக்கு அதன் பொருளைச் சொன்னவன் யார்? சககைதி. அவனுக்கு மனு எழுதியவன் யார்? சககைதி. வடமராட்சித் தாய் கொண்டுவந்த சோற்றுப்பொதியைப் பங்கிட்டு உண்டவர் யார்? தாயைக் காணாத சககைதிகள்.

1983 யூலை 25 ஆம், 27 ஆம் நாள்களில் வெலிக்கடையில் 53 தமிழர் வெட்டியும் அடித்தும் கொல்லப்பட்டனர். இரண்டாம் நாள், கையிற் கிடைத்ததைக் கொண்டு ஒன்றுபட்டு எதிர்த்து நின்றோர் உயிர் தப்பினர். காக்க வேண்டிய அரசு காக்கவில்லை, தோழமை காத்தது.

2012 யூனில் வவுனியாச் சிறையிலே நடந்ததென்ன? தம்முள் ஒருவர் வேறு சிறைக்கு மாற்றப்பட்டதை எதிர்த்து, ஏனையோர் காவலர் சிலரைப் பிடித்து வைத்தனர். அச்செயல் முறையென நாம் வாதிடவில்லை. ஆனால் மறுமொழியாக அதிரடிப் படை ஏவப்பட்டது. கைதிகள் தாக்கப்பட்டுத் தெற்கே கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் இருவர் பின்னர் பிணமாகவே ஊர் திரும்பினர். நண்பனைத் திருப்பிக் கேட்டதற்கு இதுவா தண்டனை?

“பாதுகாப்புக்காகவே பிரிக்கிறோம்” என்பர் அதிகாரிகள். யாருடைய பாதுகாப்பு? தனித்தவன் பிள்ளையின் முகத்தையும் மறந்து நடைப்பிணமாகிறான். திருந்தி வாழ வேண்டியவனிடம் எஞ்சிய மனிதப் பற்றையும் அறுப்பது எந்த நீதி?

அரசை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. 2018 இல் அநுராதபுரச் சிறையிற் கைதிகள் உண்ணாநோன்பிருந்தபோது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் அங்குவரை நடந்தே சென்றனர். அதன்பின் நாம் செய்ததென்ன? தேர்தல் மேடையில் கண்ணீர், மறுநாள் மறதி! மீளாதோர் இன்று சிலரே என்பதால் அச்சிலரைக் கைவிடலாமோ?

கமக்காரரே! அந்நாளில் துலா மிதிப்பவன், பட்டை பிடிப்பவன், தண்ணீர் கட்டுபவன் மூவரும் சேர்ந்தாலன்றோ பயிர் நனைந்தது? சட்டத்தரணிகளே, ஒரு வழக்கையேனும் கூலியின்றி ஏற்பீர். வைத்தியர்களே, மீண்டு வந்தோரின் உடற்காயத்தையும் உளக்காயத்தையும் ஆற்றுவீர். ஊரவரே, அவர்களுக்குத் தொழில் கொடுப்பீர்.

இருட்டறையில் ஒருபிடி சோற்றைப் பகிர்ந்தவர்க்கு இருந்த நெஞ்சம், வெளிச்சத்தில் வாழும் நமக்கு இல்லையாயின், உண்மையில் மறியலில் இருப்போர் நாமே!